டிரெய்லரின் உயரத்தை ஓட்டுநரின் தலையில் மட்டும் கட்டாதீர்கள்: சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் யார்டு மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சரக்குப் போக்குவரத்து நிறுவன உரிமையாளர்களுக்கும், யார்டுகளையும் சரக்கு முனையங்களையும் நிர்வகிக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

முன்சக்கரங்கள் இல்லாத சரக்குப் பெட்டியான செமி டிரெய்லரை, அதை இழுத்துச் செல்லும் இழுவை வண்டியுடன் இணைப்பதையும் கழற்றுவதையும் ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இணைப்பு விபத்துகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அறிவுரை முழுவதும் ஓட்டுநருக்கே போய்ச் சேருகிறது: இறங்கிப் பார், இழுத்துப் பார், கவனமாக இரு. அந்த அறிவுரையில் தவறில்லை. நானும் அதைத்தான் நாள்தோறும் சொல்கிறேன். ஆனால், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஒரு டிரெய்லரின் முன்பக்கம் தரையிலிருந்து எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை, அதை எடுக்க வரும் ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை. அதைக் கழற்றிவிட்டுப் போனவர், இடையில் அதில் சரக்கு ஏற்றியவர், அது நிற்கும் தரையை அமைத்தவர், ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதன் சுமையைத் தாங்கும் காற்றுப் பைகளின் கசிவைச் சரிசெய்யாமல் விட்டவர் எனப் பலர் சேர்ந்து தீர்மானித்த உயரத்தைத்தான் அவர் பெரும்பாலும் இருட்டு வேளையில் வந்து எதிர்கொள்கிறார். அந்தப் பலரும் உங்கள் நிர்வாகத்தின் கீழ் வேலை செய்பவர்கள். ஆகவே, உயரம் உங்கள் பொறுப்பும்கூட என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இணைப்பின் அமைப்பைச் சுருக்கமாக நினைவூட்டிவிட்டுத் தொடர்கிறேன்; அலுவலகத்தில் அமர்ந்து வண்டிகளுக்கு நேரம் ஒதுக்குபவர்களில் பலர் அதை அருகில் சென்று பார்த்ததில்லை என்பது என் அனுபவம். டிரெய்லரின் முன்பகுதியில், அடித்தகட்டிலிருந்து கீழ்நோக்கி நீண்டிருக்கும் உருக்குத் தண்டுதான் கிங்பின். பெரும்பாலான வண்டிகளில் அதன் கழுத்துப் பகுதியின் விட்டம் 50.8 மி.மீ., அதாவது 2 அங்குலம். மிகக் கனமான சுமைகளுக்கு மூன்றரை அங்குலக் கிங்பின்னும் உண்டு. கழுத்துக்குக் கீழே அதன் அடிப்பாகம் மீண்டும் அகன்றிருக்கும். இழுவை வண்டியின் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கும் ஃபிப்த் வீல் தகட்டில், பின்பக்கம் திறந்த ஒரு பிளவு இருக்கிறது. அதன் வழியாகக் கிங்பின் உள்ளே வந்ததும், அங்கே உள்ள தாடைகள் அதன் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்ள வேண்டும். கழுத்தை என்பதை அழுத்திச் சொல்கிறேன்; அடிப்பாகத்தை அல்ல. பல டன் சரக்குடன் ஒரு டிரெய்லர் வளைவிலும் மேடு பள்ளத்திலும் இழுவை வண்டியை விட்டுப் பிரியாமல் ஓடுகிறது என்றால், 2 அங்குலத் தடிமனுள்ள அந்தக் கழுத்தைத் தாடைகள் சரியான இடத்தில் பிடித்திருக்கின்றன என்றுதான் பொருள்.

இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றும் நுணுக்கமாக வரையறுக்கப்பட்டவை. கிங்பின்னின் அளவுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 337, ஐ.எஸ்.ஓ. 4086 ஆகிய சர்வதேசத் தரங்கள் இருக்கின்றன. இணைப்புக் கருவிகளின் வலிமைக்கும் அமைப்புக்கும் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 55ஆம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. 50.8 மி.மீ. கழுத்து 49 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் கிங்பின்னை மாற்ற வேண்டும் என்று தேய்மானத்துக்கும் எல்லை உண்டு. இத்தனையும் இருந்தும், உங்கள் யார்டில் மூன்றாவது வரிசையில் நிற்கும் டிரெய்லரின் அடித்தகடு இன்று காலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை எந்தத் தரமும் சொல்ல முடியாது. அது மனிதர் கையில் விடப்பட்ட அளவு. இழுவை வண்டிகளாவது ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. வழக்கமான வண்டிகளில் ஃபிப்த் வீலின் உயரம் ஏறக்குறைய 1,100 முதல் 1,300 மி.மீ. வரை வேறுபடுகிறது, உயரமான சரக்குப் பெட்டிகளை இழுப்பதற்கென்றே வரும் தாழ்வான வண்டிகளில் அது சுமார் 950 மி.மீ. மட்டுமே. இரண்டு வகையையும் ஒரே யார்டில் கலந்து ஓட்டும் நிறுவனங்களில், நேற்று ஒருவருக்குச் சரியாக இருந்த உயரம் இன்று இன்னொருவருக்குத் தவறாக இருக்கும்.

சரியான உயரம் எது என்பதில் குழப்பமே இல்லை. டிரெய்லரின் அடித்தகடு ஃபிப்த் வீலின் மேல்தகட்டுக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும், 50 மி.மீ. வரை தாழ்வாக இருக்கலாம் என்பது தயாரிப்பாளர்கள் தரும் வழிகாட்டல். அப்படி இருந்தால், இழுவை வண்டி பின்னால் வரும்போது ஃபிப்த் வீலின் சரிவான பின்விளிம்பு அடித்தகட்டின் முன்விளிம்பை முதலில் தொடும். தொட்டபின் டிரெய்லரைச் சற்றே மேலே தூக்கிக்கொண்டு வண்டி உள்ளே போகும். டிரெய்லர் தனியாக நிற்கும்போது முன்பக்கத்தைத் தாங்கும், கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கும் ஊன்றுகால்களின் பாதம் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்புவதைப் பக்கத்தில் நிற்பவர் கண்ணால் பார்க்கலாம். இழுவை வண்டியின் பின்பக்கம் சுமை ஏறி அமிழ்வதையும் பார்க்கலாம். கிங்பின் தாடைகளை அடைவதற்கு முன்பே டிரெய்லரின் எடை ஃபிப்த் வீலின் மீது இறங்கிவிட வேண்டும். தகடும் தகடும் ஒட்டி அமர்ந்த நிலையில்தான் கழுத்து தாடைகளுக்கு நேராக வரும். எடை இறங்காமல் கிங்பின் மட்டும் உள்ளே போனால், அந்த இணைப்பை நம்பக்கூடாது.

டிரெய்லர் தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை, நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒருமுறையாவது டார்ச்சுடன் குனிந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். இழுவை வண்டி எந்தத் தடையுமின்றி அடியில் நுழைகிறது. தூக்கும் அழுத்தம் எதுவும் இல்லாததால் ஓட்டுநருக்கு அது சுலபமான இணைப்பாகவே தோன்றுகிறது. கிங்பின்னின் அகன்ற அடிப்பாகம் மட்டும் தாடைகளைத் தட்டுகிறது, அவை மூடிக்கொள்கின்றன, பூட்டு விழும் சத்தமும் கேட்கிறது. ஆனால் தாடைகள் மூடியது கழுத்தைச் சுற்றி அல்ல, வெற்றிடத்தைச் சுற்றி. கிங்பின் மூடிய தாடைகளின் மேலே உட்கார்ந்திருக்கிறது. சில நேரங்களில் அது தாடைகளைத் தாண்டிச் சென்று முன்புறம் இறங்கிவிடுவதும் உண்டு. ஊன்றுகால்களை மேலே ஏற்றியதும் டிரெய்லரின் முன்பக்கத்து எடை முழுவதும் அந்தச் சிறு முனையின்மீது நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால், ஃபிப்த் வீலுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே, முழுமையாக ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், மறுபக்கத்து வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரியும். அந்தக் கீற்றைப் பார்த்தவர் வண்டியை எடுக்கமாட்டார். பார்க்காதவர் எடுத்துவிடுவார், வாயிலைத் தாண்டும் வளைவிலோ, முதல் வேகத்தடையிலோ, அதுவும் கடந்துவிட்டால் சாலையின் ஏதோ ஒரு குலுக்கலிலோ கிங்பின் நழுவும். ஊன்றுகால்கள் அப்போது மடங்கி மேலே இருக்கும். டிரெய்லரின் மூக்கு இழுவை வண்டியின் சட்டத்தின் மீதோ சாலையின் மீதோ விழும். பின்னால் இருசக்கர வண்டியில் ஒருவர் வந்துகொண்டிருக்கலாம் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

மிகத் தாழ்வாக இருந்தாலும் சேதம் உண்டு. ஃபிப்த் வீல் அடியில் நுழைவதற்குப் பதிலாக டிரெய்லரின் முன்பக்கத்தை இடிக்கும், பிரேக் போட்ட டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும், ஊன்றுகால்களை வளைக்கும், இழுவை வண்டியின் பின்விளக்குகளையும் மட்கார்டுகளையும் நொறுக்கும். ஆனால் இந்தத் தவறு அங்கேயே, அப்போதே, பெருஞ்சத்தத்துடன் தெரிந்துவிடுகிறது. உயரமாக இருக்கும் தவறு சத்தமில்லாமல் சாலைக்கு வந்துவிடுகிறது. இரண்டில் எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி என் முறையீட்டின் மையத்துக்கு வருகிறேன். நிறுத்தி வைத்த டிரெய்லரின் உயரம் நின்ற இடத்தில் நின்றபடியே மாறுகிறது. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இல்லை. ஏர் சஸ்பென்ஷன் உள்ள டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊன்றுகால்கள் கிங்பின்னுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே இருப்பதால், டிரெய்லர் அவற்றின் மேல் ஒரு சீசாப் பலகையைப் போல நிற்கிறது. காற்றுப் பைகள் மெல்லக் கசிந்து பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் உயரும். சரியான உயரத்தில் விடப்பட்ட டிரெய்லர், சில நாள்களில் யாரும் கை வைக்காமலேயே ஆபத்தான உயரத்துக்கு வந்துவிடும். மாறாக, மண் தரையிலோ வெயிலில் இளகிய தார்த் தரையிலோ ஊன்றுகால்களின் பாதம் புதைந்தால் முன்பக்கம் தாழும். ஒரு கால் மட்டும் புதைந்தால் அடித்தகடு சாயும், சாய்ந்த தகடு ஃபிப்த் வீலின் மீது ஒரு பக்கம் மட்டுமே ஒட்டும். கழற்றி நிறுத்திய பிறகு அதில் சரக்கு ஏற்றினாலும் இறக்கினாலும் உயரம் மாறும். ஊன்றுகால்களுக்கு முன்னால் உள்ள பகுதிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஏறிச் சென்றால் டிரெய்லர் மூக்குக் குப்புறக் கவிழவும் கூடும். அதைத் தடுக்க மூக்கின் அடியில் வைக்கும் தாங்குகால்கள் சந்தையில் கிடைக்கின்றன, பல யார்டுகளில் அவை இல்லை. மேலே சொன்ன எதுவும் டிரெய்லரை எடுக்க வரும் ஓட்டுநருக்கு அறிவிக்கப்படுவதில்லை.

கழற்றும் விதமும் உயரத்தைத் தீர்மானிக்கிறது. இதைப் பயிற்சிப் பாடங்களில் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கழற்றுவது எளிது, இணைப்பதுதான் கடினம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒருவர் கழற்றும் விதம்தான் அடுத்தவர் இணைக்கும் விதம். பட்டை ஸ்பிரிங் உள்ள இழுவை வண்டி ஒன்று சரக்கேற்றிய டிரெய்லரைக் கழற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமையின் கீழ் அதன் ஸ்பிரிங்குகள் அமுங்கியிருக்கின்றன. ஊன்றுகால்களின் பாதம் தரையைத் தொட்டதும் போதும் என்று நிறுத்திவிட்டு வண்டியை வெளியே எடுத்தால், டிரெய்லர் அந்த அமுங்கிய உயரத்திலேயே நின்றுவிடும். சுமை நீங்கிய இழுவை வண்டியின் பின்பக்கமோ எழும்பிவிடும். அதே வண்டி திரும்பி வந்தால்கூட டிரெய்லர் இப்போது மிகத் தாழ்வு. ஆகவேதான், பாதம் தரையைத் தொட்ட பிறகு குறைந்த வேக கியரில் கைப்பிடியை இன்னும் சில சுற்றுகள் சுற்றி, சுமையின் ஒரு பகுதியை ஊன்றுகால்களுக்கு மாற்ற வேண்டும், ஆனால் அடித்தகடு ஃபிப்த் வீலை விட்டு மேலே எழும்பும் அளவுக்குச் சுற்றக்கூடாது என்று சொல்லித் தருகிறோம். காலியான டிரெய்லருக்கு அந்தக் கூடுதல் சுற்றுகள் தேவையில்லை. பாதம் உறுதியாகத் தரையில் பதிந்தால் போதும். இதையே அவசரத்தில் அளவுக்கு மீறிச் சுற்றிவிட்டுப் போனவர், அடுத்து வருபவருக்கு உயரமான டிரெய்லரை விட்டுச் செல்கிறார்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள இழுவை வண்டியில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. வழக்கமான ஓட்ட உயரத்தைவிடப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்த நிலையில் ஒருவர் ஊன்றுகால்களை இறக்கினால், டிரெய்லர் அந்தத் தூக்கிய உயரத்திலேயே நிற்கும். அதை எடுக்க ஏர் சஸ்பென்ஷன் உள்ள இன்னொரு வண்டி வந்தால், அதன் ஓட்டுநர் பின்பக்கத்தை உயர்த்திச் சமாளித்துக்கொள்ளலாம். பட்டை ஸ்பிரிங் வண்டி வந்தால் அந்த வழியும் இல்லை; கைப்பிடியைச் சுற்றி டிரெய்லரைத்தான் இறக்க வேண்டும். வெளியே வரும்போது காற்றைக் குறைக்காமல் வந்தால், சுமை விலகிய கணத்தில் காற்றுப் பைகள் வண்டியின் பின்பக்கத்தைத் துள்ளி எழச் செய்யும். சட்டம் டிரெய்லரின் அடியில் மோதும். பூட்டைத் திறந்து, ஃபிப்த் வீல் மட்டும் அடித்தகட்டை விட்டு விலகும் அளவுக்கு மெதுவாக முன்னே நகர்ந்து, வண்டியின் சட்டம் இன்னும் டிரெய்லருக்கு அடியில் இருக்கும் நிலையிலேயே நிறுத்தி, காற்றைக் குறைத்து, இறங்கி வந்து ஊன்றுகால்களும் தரையும் சுமையைத் தாங்குகின்றனவா என்று பார்த்த பிறகே முழுமையாக வெளியே வர வேண்டும். ஒருவேளை கால் மடங்கினாலோ தரை உள்வாங்கினாலோ டிரெய்லர் தரைக்கு விழாமல் அந்தச் சட்டத்தின் மீது தங்கும். வாயிலில் வரிசை நின்றால் ஓட்டுநர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த நடுநிறுத்தத்தைத்தான்.

இணைத்து முடித்தபின் இழுத்துப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டிரெய்லரின் பிரேக்கைப் போட்டு வைத்துக்கொண்டு, மிகக் குறைந்த கியரில் வண்டியை மென்மையாக முன்னோக்கி இழுத்துப் பார்ப்பது அவசியமான சோதனை. ஊன்றுகால்கள் இன்னும் கீழே இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். ஆனால் அது மட்டும் போதும் என்று எழுதி வைத்திருக்கும் நடைமுறைக் குறிப்புகளை நான் கண்டிருக்கிறேன், அவற்றைத் திருத்துங்கள். தாடைகளின் மேலே உட்கார்ந்த கிங்பின்னும், தாடைகளுக்கு முன்னால் இறங்கிவிட்ட கிங்பின்னும், மென்மையான இழுப்பைத் தாங்கிவிடலாம். இழுத்துப் பார்த்தபின் வண்டியின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் சோதனை முடிந்ததாகும். தகடுகளுக்கு இடையே இடைவெளி இல்லை. தாடைகள் கழுத்தைச் சுற்றி மூடியிருக்கின்றன. பூட்டுக் கைப்பிடி முழுமையாக உள்ளே போயிருக்கிறது. அதன் பாதுகாப்புக் கொக்கி மாட்டப்பட்டிருக்கிறது. இந்த நான்கையும் கண்ணால் காண வேண்டும். கிரீஸும் தூசியும் அப்பிய தாடைகளை இரவில் டார்ச் இல்லாமல் யாரும் காண முடியாது. ஃபிப்த் வீலைச் சுத்தம் செய்து புதிய கிரீஸ் இடுவதை நீங்கள் தேய்மானக் கணக்கில் மட்டும் சேர்க்கிறீர்கள். அது பார்வைக்கும் உதவுகிறது.

புதிய வண்டிகளில் பூட்டு விழுந்ததா, கிங்பின் உள்ளே இருக்கிறதா, தகடு ஒட்டியிருக்கிறதா என்பதைச் சென்சார்கள் ஓட்டுநர் அறைக்கே அறிவிக்கின்றன. வரவேற்கத்தக்க முன்னேற்றம். அதைக் காரணம் காட்டி இறங்கிப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கத் தொடங்கினால் மட்டும் அதை நான் எதிர்ப்பேன், ஏனெனில் சென்சார் உள்ள வண்டியும் இல்லாத வண்டியும் ஒரே ஓட்டுநரிடம் மாறி மாறி வருகின்றன. பழக்கம் என்பது இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. உயரம் தவறினால் டிரெய்லர் விழும், பிரேக் தவறினால் ஆள் நசுங்குவார். இடம் குறுகலாக இருக்கும் யார்டுகளில், ஓட்டுநர்கள் முழுமையாக இணைப்பதற்கு முன்பே வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஏறி நின்று ஏர் ஹோஸ்களை மாட்ட வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. சிவப்பு ஹோஸை மாட்டியதும் டிரெய்லருக்குக் காற்று போகிறது; அதன் அவசரப் பிரேக் விடுபடுகிறது. டிரெய்லரின் சொந்த பார்க்கிங் பிரேக் போடப்படாமல் இருந்து, தரையும் சற்றே சரிவாக இருந்தால், டிரெய்லர் முன்னோக்கி உருண்டு நடுவில் நிற்பவரை நசுக்கிவிடும். இழுவை வண்டியின் ஹேண்ட்பிரேக் போடப்படாமல் இருந்தாலும் அதே கதிதான்: இரண்டும் சேர்ந்து உருளும், ஓட்டுநர் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார். சிவப்பு ஹோஸைக் கழற்றியதும் பிரேக் பிடித்துக்கொள்கிறதே, தனியாகப் பார்க்கிங் பிரேக் எதற்கு என்று சில ஓட்டுநர்கள் கேட்பார்கள். காற்று இல்லாவிட்டாலும் ஸ்பிரிங்கின் விசையால் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் இல்லாத டிரெய்லரில் அந்தப் பிடிப்பு தொட்டியில் உள்ள காற்றை நம்பியது. காற்று கசிந்தால் பிடிப்பும் போய்விடும். கழற்றும்போதே பார்க்கிங் பிரேக்கைப் போடுவதும், எடுக்க வருபவர் எதையும் தொடுவதற்கு முன் அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் விலக்கில்லாத விதியாக வேண்டும். நடுவில் ஏறி நிற்கத் தேவையில்லாத அளவுக்கு இடம் விட்டு வரிசைகளை அமைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய முதலீடுகள் அல்ல. முதலாவதாக, நேரம். இழுவை வண்டியை டிரெய்லருக்குச் சற்று முன்னால் நிறுத்தி, இறங்கிப் போய் உயரத்தைப் பார்த்து, தேவையானால் கைப்பிடியைச் சுற்றிச் சரிசெய்து, அதன்பின் இணைத்து, மீண்டும் இறங்கிப் பார்ப்பதற்கான நிமிடங்களை உங்கள் கால அட்டவணையில் எழுத்துப்பூர்வமாகச் சேருங்கள். சரக்கேற்றிய டிரெய்லரைக் குறைந்த வேக கியரில் உயர்த்துவது கையொடிக்கும் வேலை. அதற்கென்று நேரம் இல்லாவிட்டால், பரவாயில்லை, போய்விடும் என்ற எண்ணம் எவருக்கும் வரும். அந்தச் சுற்று கைப்பிடிகளையும் பாருங்கள். கியர் பற்கள் தேய்ந்து, சுமை ஏறிய நிலையில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டில் அடிக்கும் டிரெய்லர்கள் யார்டுகளில் இருக்கின்றன. அவற்றை எடுக்கும் ஓட்டுநர் உயரத்தைச் சரிசெய்யத் தயங்குவதில் வியப்பில்லை. ஊன்றுகால் பழுதான டிரெய்லரை, பிரேக் பழுதான டிரெய்லருக்குச் சமமாகக் கருதி ஓட்டத்திலிருந்து விலக்குங்கள்.

அடுத்து, விட்டுச் செல்லும் உயரத்துக்கு ஒரு பொதுவான அளவை உங்கள் வண்டிகளைப் பார்த்து நீங்களே நிர்ணயிக்க வேண்டும். உங்களிடம் உள்ள இழுவை வண்டிகளின் ஃபிப்த் வீல் உயரத்தைச் சுமையில்லாத நிலையில் அளந்து வண்டிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். டிரெய்லர்களை எந்த உயரத்தில் விட வேண்டும் என்று முடிவு செய்து, ஊன்றுகாலின் உட்குழாயில் அந்த அளவுக்கு வண்ணக் கோடு ஒன்றைப் போடுங்கள்; தரை சமமாக இருந்தால், தூரத்திலிருந்தே உயரம் சரியா தவறா என்று கோடு காட்டிவிடும். தாழ்வான வண்டிகளுக்கான டிரெய்லர்களைத் தனி வரிசையில் நிறுத்துங்கள். சில நாள்களாக நின்றுவிட்ட டிரெய்லரையும், கழற்றி வைத்தபின் சரக்கு ஏற்றப்பட்ட டிரெய்லரையும் எடுப்பதற்கு முன், யார்டு ஊழியர் ஒருவர் உயரத்தை மறுபடி பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு, எடுக்க வரும் ஓட்டுநர் கைக்குச் சாவியுடன் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

தரையும் வெளிச்சமும் சொல்லாமலே விளங்கும். ஊன்றுகால்கள் நிற்கும் வரிசையில் மட்டுமாவது கான்கிரீட் போடுங்கள். அதுவரை பாதத்தின் அடியில் வைக்கத் தடித்த பலகைகளோ தகடுகளோ கொடுங்கள். உயரத்தில் கட்டிய கோபுர விளக்குகள் டிரெய்லருக்கு அடியில் நிழலைத்தான் தருகின்றன என்பதால், ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு நல்ல டார்ச் வழங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் வேண்டுவது, மறுக்கும் உரிமை. உயரம் சரியில்லை, இடைவெளி தெரிகிறது, பூட்டுக் கைப்பிடி முழுமையாக உள்ளே போகவில்லை என்று ஓட்டுநர் ஒருவர் வண்டியை எடுக்க மறுத்தால், அவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘எவ்வளவு நேரம் ஆகும்’ என்பதாக இருக்கக்கூடாது. யார்டுப் பொறுப்பாளர் நேரில் வந்து, அவருடன் சேர்ந்து குனிந்து பார்க்க வேண்டும். தாமதத்துக்காக அவர் படியிலோ சம்பளத்திலோ கைவைக்கக்கூடாது. மறுத்த நிகழ்வுகளைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். எந்த டிரெய்லர், எந்த வரிசை, யார் கழற்றியது என்று சேர்த்துப் பார்த்தால், உங்கள் யார்டில் உயரம் எங்கே தவறுகிறது என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். கழற்றியவரைத் தண்டிப்பதற்காக அல்ல; பெரும்பாலும் அவருக்கும் நேரம் கொடுக்கப்பட்டிருக்காது.

இந்த மடலைப் படித்தபின், உங்கள் நிறுவனத்தின் இணைப்பு நடைமுறைக் குறிப்பை எடுத்து, அதில் உயரம் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரவில்லை என்றால், இணைக்கும் பகுதியில் ஒரு வரியும் கழற்றும் பகுதியில் ஒரு வரியுமாகச் சேர்த்து, இரண்டுக்கும் யார்டில் யார் பொறுப்பு என்பதைப் பதவியின் பெயருடன் எழுதி, அடுத்த பணிமுறை தொடங்குவதற்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கனரக வாகன ஓட்டுநர் பயிற்றுநர் ஒருவர்